மலையகத் தாய்மாரின் கேள்விகளுக்குப் பதில்கள்

இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதிகளில் குடும்பநல உத்தியோகத்தராக (வீடு வீடாகப் போய்த் தாய் சேய் நலம் பார்ப்பவராக) நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவள் என்ற வகையில், தாய்மார் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். கேள்விகளுள் பல "தைரியம் இல்லை", "மனசு சரியில்லை" என்று தொடங்குகின்றன. தொடர்ந்து வாசித்தால் அவை சாப்பாட்டிலும் தூக்கத்திலும் சிறுநீரிலும் போய் முடிகின்றன. ஆகையால் என் பதில்களும் பெரும்பாலும் உடம்பிலிருந்தே தொடங்குகின்றன.

கேள்வி (தலவாக்கலை, கொழுந்து பறிப்பவர், இரண்டு பிள்ளைகள்): மிஸ், விடியற்காலை நான்கு மணிக்கு எழும்புகிறேன். மலை ஏறும்போது தலை சுற்றுகிறது, பறிக்கும் கொழுந்தின் எடையும் குறைந்து அரைப்பேர் (அரை நாள் சம்பளம்) விழுகிறது. வீட்டில் சோம்பேறி என்கிறார்கள். எனக்கும் அப்படித்தானோ என்று தோன்றத் தொடங்கிவிட்டது.

பதில்: சோம்பேறி நான்கு மணிக்கு எழும்ப மாட்டாள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இரத்தச்சோகையைத்தான். கண்ணாடி முன் நின்று கீழ் இமையை மெதுவாக இழுத்துப் பாருங்கள். உட்பக்கம் சிவப்பாக இல்லாமல் வெளிறி இருந்தால் தாமதிக்காமல் இரத்தம் சோதிக்கக் கேளுங்கள். கர்ப்பம் இல்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் அது இரத்தச்சோகை. கர்ப்பிணிக்கு அந்த எல்லை 11. மாதவிடாய் அதிகமாகப் போவதும் வயிற்றுப் புழுவும் இதற்குக் காரணமாகலாம் என்பதால், அவற்றையும் வெட்கப்படாமல் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

உணவைப் பொறுத்தவரை, நம் பக்கத்தில் நான் மிக அதிகமாகக் கண்ட பழக்கம் ரொட்டியையும் சாயத்தையும் (பால் சேர்க்காத தேநீரையும்) ஒன்றாகச் சாப்பிடுவது. தேயிலையில் உள்ள துவர்ப்புப் பொருள் உணவிலுள்ள இரும்புச்சத்தைக் குடலில் சேரவிடாமல் பிடித்துக்கொள்கிறது. அந்தக் குளிரில் சாயத்தை விடுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது, அப்படிச் சொன்னாலும் எவரும் கேட்கப் போவதில்லை. நேரத்தை மட்டும் மாற்றுங்கள்: எழும்பியதும் ஒரு கோப்பை குடியுங்கள், ரொட்டியைத் தேசிக்காய் பிழிந்த சம்பலுடன் பிறகு சாப்பிடுங்கள், அடுத்த சாயம் சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது கழிந்த பின் இருக்கட்டும். தேசிக்காய், நெல்லிக்காய், கொய்யாப்பழம் ஆகியவை இரும்புச்சத்து உடம்பில் சேர உதவும். நெத்தலிக் கருவாடும் பருப்பும் கீரையும் வீட்டில் சமைக்கும் நாளில், எல்லோருக்கும் பரிமாறிவிட்டுச் சட்டியில் மிஞ்சியதை வழித்துச் சாப்பிடும் வழக்கத்தை விட்டு, உங்கள் பங்கை முதலிலேயே ஒரு கோப்பையில் எடுத்து வைத்துவிடுங்கள். மாமியார் முகத்தைச் சுளித்தால், மிஸ் சொன்னார் என்று என் தலையில் பழியைப் போடலாம்.

கிளினிக்கில் தரும் இரும்புச்சத்துக் குளிசையையும் சாயத்துடனோ பாலுடனோ விழுங்காதீர்கள். கல்சியம் குளிசையும் தந்திருந்தால் இரண்டையும் வெவ்வேறு நேரத்தில் எடுங்கள். மலம் கறுப்பாகப் போவது குளிசையினால்தான், அதற்குப் பயப்பட வேண்டியதில்லை. வயிற்றைக் குமட்டினால் குளிசையைக் கூரை இடுக்கில் செருகி வைக்காமல், இரவுச் சாப்பாட்டுக்குப் பின் எடுத்துப் பாருங்கள். இரத்தம் கூடுவதற்குச் சில மாதங்கள் எடுக்கும். தலைச்சுற்று நின்றதும் குளிசையை நீங்களாக நிறுத்திவிட வேண்டாம்.

கேள்வி (மஸ்கெலியா): மலையில் மலசலகூடம் இல்லாததால் பகல் முழுவதும் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறோம். சிறுநீர் போகும்போது எரிகிறது. இதை யாரிடம் சொல்வது?

பதில்: எரிவு இருந்தால் சிறுநீரில் தொற்று இருக்கக்கூடும். சிறுநீர் சோதனை எளிது, மருந்தும் உண்டு. காய்ச்சலும் நடுக்கமும் விலாப்பக்க வலியும் சேர்ந்து வந்தால் தொற்று சிறுநீரகத்துக்கு ஏறியிருக்கலாம் என்பதால், அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள். கர்ப்பிணியாக இருந்தால் எரிவு மட்டும் இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். தண்ணீர் குடிக்காமல் இருப்பது இதற்குத் தீர்வல்ல, நோயை வளர்க்கும் வழி. அடக்கி வைப்பதும் அப்படியே. மலையில் வேலைக்கு இறங்கும் முன்பும் கொழுந்து நிறுக்கும் நேரத்திலும் வசதியுள்ள இடத்துக்குப் போய்வர முயலுங்கள்.

ஆனால் இது உங்கள் ஒருத்தியின் உடம்புப் பிரச்சினை மட்டுமல்ல. தனியாகப் போய்ச் சொன்னால் சிரிப்பார்கள் என்று நினைத்துத்தான் இத்தனை பேரும் பேசாமல் இருக்கிறீர்கள். தொழிற்சங்க மாதர் தலைவியுடன் ஐந்தாறு பேராகச் சேர்ந்து தோட்ட நிர்வாகத்திடம் போய், மலைக்குக் கிட்ட ஒரு மலசலகூடம் வேண்டும் என்று எழுத்தில் கொடுத்து, அதன் பிரதி ஒன்றை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (நுவரெலியா, முதல் பிரசவம்): குழந்தைக்கு ஐந்து வாரம். காரணமே இல்லாமல் அழுகிறேன், குழந்தை தூங்கினாலும் எனக்குத் தூக்கம் வருவதில்லை. நல்ல தாயாக இருக்க மாட்டேன் என்று பயமாக இருக்கிறது. மாமி காத்துக்கருப்பு என்று நூல் கட்டச் சொல்கிறார்.

பதில்: பிரசவத்தின் பின் முதல் சில நாட்களில் அழுகையும் எரிச்சலும் வருவது பல தாய்மாருக்கும் நடப்பதுதான், அது இரண்டு வாரத்துக்குள் தானாகத் தணிந்துவிடும். உங்களுக்கு அந்த எல்லை கடந்துவிட்டது. இது பிரசவத்துக்குப் பிந்திய மனச்சோர்வாக இருக்கலாம். இது ஒரு நோய், குணப்படுத்தக்கூடிய நோய். தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே எடுக்கக்கூடிய மருந்துகளும் உள்ளன. உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கு வரும்போது குழந்தையின் நிறையை மட்டும் காட்டி அனுப்பிவிடாமல், எனக்கு எழுதியதை அப்படியே அவரிடமும் சொல்லுங்கள். வெளியே போக முடியாவிட்டால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்துப் பேசலாம்.

மாமியுடன் வாதாட வேண்டாம். நூல் கட்டுவதால் கெடுதல் ஒன்றுமில்லை, கட்டட்டும். நூல் கட்டிய கையோடு வைத்தியரிடமும் கூட்டிப்போகச் சொல்லுங்கள். இதை வாசிக்கும் வீட்டாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: தாய் உயிரை மாய்த்துக்கொள்வது பற்றியோ குழந்தைக்குத் தீங்கு செய்வது பற்றியோ ஒரு சொல் பேசினாலும், பிறருக்குக் கேட்காத குரல்கள் கேட்பதாகச் சொன்னாலும், அவரைத் தனியே விடாமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். வாகனம் இல்லையென்றால் 1990 இலவச அம்புலன்ஸ் சேவையை அழையுங்கள். இரவில் ஒரு தடவையாவது குழந்தையை வேறொருவர் வைத்திருந்து, தாயை நாலைந்து மணி நேரம் தொடர்ச்சியாகத் தூங்க விடுவதும் சிகிச்சைக்குப் பெரிய துணையாகும்.

கேள்வி (பொகவந்தலாவை): பிள்ளைக்குப் பால் கொடுக்கப் போனால் கங்காணி ஏசுகிறார். கேட்டுப் பேசத் தைரியம் வரவில்லை.

பதில்: நீங்கள் கேட்பது சலுகை அன்று. பிள்ளைக்கு ஒரு வயது ஆகும்வரை வேலை நேரத்தில் இரண்டு தடவை பாலூட்ட இடைவேளை தர வேண்டும் என்பது மகப்பேற்று நன்மைகள் சட்டத்தில் உள்ளது. பிள்ளை மடுவம் (வேலை நேரத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்) இருந்தால் ஒவ்வொன்றும் அரை மணி நேரத்துக்கும், இல்லாவிட்டால் ஒரு மணி நேரத்துக்கும் குறையக்கூடாது. சாப்பாட்டு இடைவேளை வேறு, இது வேறு. முன்பு மூன்றாவது பிள்ளைக்குக் குறைத்துக் கொடுத்த பிரசவ விடுமுறையும் 2018இல் வந்த திருத்தத்துக்குப் பின் எல்லாப் பிள்ளைகளுக்கும் 12 வாரம்தான். ஏச்சு நிற்காவிட்டால் தொழில் திணைக்கள அலுவலகத்தில் முறையிடலாம்.

கேள்வி (ஹட்டன், ஆசிரியை): பிரசவமாகி நான்கு மாதம். தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்கிறது. கண்ணாடி பார்க்கவே பிடிக்கவில்லை.

பதில்: கர்ப்ப காலத்தில் உதிராமல் நின்ற முடிதான் இப்போது சேர்ந்து உதிர்கிறது. பெரும்பாலும் பிள்ளைக்கு ஒரு வயது ஆவதற்குள் பழைய நிலைக்கு வந்துவிடும். விளம்பரத்தில் வரும் எண்ணெய்க்குக் காசைக் கொட்டாதீர்கள். களைப்பும் சேர்ந்திருந்தால் இரத்தச்சோகைக்கும் தைரொயிட்டுக்கும் ஒரு சோதனை செய்துகொள்ளலாம்.

கேள்வி (ஹப்புத்தளை): எனக்கு 35 வயது. பெண்களுக்கான கிளினிக்குக்கு வரச் சொல்லித் துண்டு தந்தார்கள். நோய் ஒன்றும் இல்லாமல் ஏன் போக வேண்டும்? கூச்சமாகவும் இருக்கிறது.

பதில்: நோய் ஒன்றும் இல்லாதபோது போவதற்காகவே அதை 1996இல் ஆரம்பித்தார்கள். இரத்த அழுத்தம், நீரிழிவு, மார்பகம், கருப்பைக் கழுத்து ஆகிய அனைத்தையும் ஒரே இடத்தில் பார்ப்பார்கள். அரச கிளினிக் என்பதால் கட்டணம் இல்லை. கருப்பைக் கழுத்தில் மாற்றம் தொடங்கிப் புற்றுநோயாக முற்றுவதற்குப் பொதுவாகப் பல ஆண்டுகள் எடுப்பதால், அறிகுறி தெரியும் முன்பே பிடித்துவிட்டால் இலகுவாகத் தீர்க்கலாம். சோதனை சில நிமிடங்களில் முடிந்துவிடும். திரை மறைவில், மேலே துணி போர்த்தித்தான் பார்ப்பார்கள். மாதவிடாய் நாட்களைத் தவிர்த்துப் போங்கள். கூச்சம் தீரவில்லையென்றால் பக்கத்து லயத்தில் (வரிசை வீடுகளில்) இதே வயதுள்ள ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்; அவருக்கும் அந்தச் சோதனை தேவைதான்.

கேள்வி (நோர்வூட்): பசிக்கும் குளிருக்கும் வெற்றிலை போடுகிறேன். புகையிலையை விட்டுவிட்டேன், பாக்கு மட்டும்தான். பரவாயில்லையா?

பதில்: பரவாயில்லை என்று சொல்ல முடியாது. புகையிலை இல்லாத பாக்கும் வாய்ப்புற்றுநோயை உண்டாக்கும். வாய்க்குள் வெள்ளைத் திட்டோ ஆறாத புண்ணோ இருந்தாலும், வாயை முன்போல் அகலத் திறக்க முடியாமல் போனாலும் பல் வைத்தியரிடம் காட்டுங்கள். பசிக்குப் போடுவதென்றால், முதலில் அந்தப் பசிக்கு ஒரு பிடி அவித்த கடலையை மடியில் கட்டிக்கொண்டு போங்கள்.

கேள்வி (பண்டாரவளை): அக்கா, மகளின் பாடசாலைக் கூட்டத்திலும் பிரதேச செயலகத்திலும் வாய் திறக்க முடிவதில்லை. படிக்காதவள் என்று நினைப்பார்கள். சிங்களமும் சரளமாக வராது.

பதில்: பிரதேச செயலகத்தில் தமிழில் விண்ணப்பிக்கவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பே உங்களுக்கு உரிமை தந்திருக்கிறது, சிங்களம் வராதது உங்கள் குறை அல்ல. போகுமுன் கேட்க வேண்டியதை மகளைக் கொண்டு ஒரு தாளில் எழுதுவித்து, அடையாள அட்டையின் பிரதியோடு ஒரே உறையில் வையுங்கள். அலுவலர் வேகமாகப் பேசினால் "கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள், சேர்" என்று கேட்பதில் தவறில்லை. புறப்படும் முன் அவர் பெயரையும் அடுத்து வர வேண்டிய திகதியையும் கேட்டு அதே தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பாடசாலையில், கூட்டம் தொடங்கும் முன்பே வகுப்பாசிரியரிடம் தனியாகப் போய் "எந்தப் பாடத்தில் பிள்ளை பின்தங்கியிருக்கிறாள்?" என்று அந்த ஒன்றை மட்டும் கேளுங்கள். எல்லோர் முன்னிலும் எழுந்து பேசுவதை அடுத்த தவணைக் கூட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம்.