அவலாஞ்சி ஓடை டிரவுட்டுக்கு எந்த பிளாங்க்?

நீலகிரியின் அவலாஞ்சி ஓடையில் டிரவுட் மீன் பிடிக்க, தூண்டில் கம்பு கட்ட எந்த பிளாங்க் (கைடு, பிடி எதுவும் பொருத்தாத வெறும் கம்பு) என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் சொன்ன இரண்டில் ஐந்தரை அடி, மிதமான ஆக்‌ஷன் (நடுப்பகுதி வரை வளையும்) பிளாங்கையே எடுங்கள். ஏழு அடி ஃபாஸ்ட் ஆக்‌ஷன் (பெரும்பாலும் நுனிப்பக்கம் மட்டும் வளையும்) வேண்டாம்.

இப்போதுள்ள கம்பில் 2 கிராம் ஸ்பின்னர் (சுழலும் தகடுள்ள செயற்கை இரை) காலடியிலேயே விழுகிறது என்கிறீர்கள். ரீல் மேல் சந்தேகம் வேண்டாம். அந்த எடைக்குக் கம்பு வளைவதில்லை என்பதுதான் காரணமாக இருக்கும். வளைந்து நிமிர்ந்தால்தானே வீசும்! பிளாங்கில் வீசக்கூடிய இரை எடை 1/32–1/4 அவுன்ஸ் என்று போட்டிருந்தால் சுமார் 1 முதல் 7 கிராம். ஆனால் எல்லையின் ஓரத்தைவிட நடுவில்தான் பிளாங்க் நன்றாக வேலை செய்யும். அதனால் மேல் எல்லை 4 கிராமுக்குள் இருப்பது கிடைத்தால் விடாதீர்கள்.

வாங்குமுன் நுனியில் 2 கிராம் ஈயத்தை டேப்பால் ஒட்டி, பிளாங்கைக் கிடையாகப் பிடித்து மெல்ல ஆட்டிப் பாருங்கள். நுனி மட்டும் துடித்தால் வேண்டாம். வளைவு கீழே நடுப்பகுதி வரை இறங்க வேண்டும்.

அப்புறம் கைடு, அதாவது தூண்டில் நரம்பு ஓடும் வளையம். கனமான இரட்டைக்கால் கைடுகளைக் கட்டினால் அருமையான பிளாங்கும் மந்தமாகிவிடும். நுனிப்பக்கம் சின்ன ஒற்றைக்கால் கைடு, கட்டிய நூலின் மேலே எபாக்சி பிசின் மெல்லிய பூச்சாக, அவ்வளவு போதும்.

ஒன்று, இதெல்லாம் கிளைகள் தலைக்கு மேல் கவிந்திருக்கும் சோலை ஓடைக்கு. எமரால்டு அணைக்கரையில் நின்று தூரம் வீசுவதென்றால் ஐந்தரை அடி பற்றாது. எங்கே போவதானாலும் மீன்வளத்துறை, வனத்துறை அனுமதியை முதலில் ஊட்டியில் விசாரித்துவிடுங்கள்.