பருப்புக்கு மிஞ்சாத பணம்: ஒரு கடிதமும் பதிலும்

ஐயா, வணக்கம்.

எனக்குச் சொந்த ஊர் வேடசந்தூர் பக்கம். திருப்பூரில் பனியன் கம்பெனியில் டைலராக இருக்கிறேன். மனைவி இன்னொரு கம்பெனியில் செக்கிங். பெரியவன் தனியார் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. சின்னவளுக்கு மூன்று வயது, எங்களோடு இருக்கும் என் அம்மா பார்த்துக்கொள்கிறார். 2025 ஆகஸ்ட் வரை ஒன்றரை ஷிப்ட் ஓடியது. இங்கிருந்து போகும் துணிக்கு அமெரிக்கா வரி போட்ட பிறகு ஒரு ஷிப்ட்தான். லைன் வீட்டு வாடகை, பள்ளிக் கட்டணம், மனைவி பேரில் இருக்கும் குழுக் கடன் எல்லாம் போக மிச்சத்தில்தான் சாப்பாடு. பருப்பு கடைவது வாரம் ஒரு நாள் என்றாகிவிட்டது. முட்டை வாங்கினால் பிள்ளைகளுக்கு மட்டும். ஆனால் அக்டோபர் மாத விலைவாசி உயர்வு 0.25 சதவீதம்தான் என்று டிவியில் சொல்கிறார்கள். கணக்கு பொய்யா, அல்லது எங்களுக்குத்தான் குடும்பம் நடத்தத் தெரியவில்லையா? இரண்டாவதுதான் என்கிறான் என் மச்சான். பெயர் போட வேண்டாம்.

அன்புள்ள நண்பருக்கு,

கணக்கு பொய் இல்லை. அது போன வருடம் அக்டோபரில் இருந்த விலையையும் இந்த அக்டோபர் விலையையும் ஒப்பிடுகிறது, அவ்வளவுதான். 2024 அக்டோபரில் காய்கறி விலை அதற்கு முந்தைய வருடத்தைவிட 42 சதவீதம் ஏறியிருந்தது. 2025 அக்டோபரில் அதிலிருந்து 27 சதவீதத்துக்கு மேல் இறங்கியது. 100 ரூபாய்க்கு வாங்கிய காய் 142 ஆகி, திரும்ப 103க்கு வந்திருக்கிறது. காய்கறிக்கு இது உண்மையான இறக்கம்தான், மறுக்க வேண்டியதில்லை. ஆனால் 142 கொடுத்து வாங்கிய அந்த மாதங்களில் பட்ட கடன் காயோடு சேர்ந்து இறங்குவதில்லையே. சமையல் காஸ் சிலிண்டரையே பாருங்கள். சென்னையில் 2020 நவம்பரில் 610 ரூபாய். 2023 மார்ச்சில் 1,118.50 வரை போய், இரண்டு முறை குறைத்து, ஒரு முறை ஏற்றி, 2025 ஏப்ரலில் 868.50இல் வந்து நின்றது. 'குறைத்தோம்' என்பதும் சரி, 2020இல் கொடுத்ததைவிட 250 ரூபாய்க்கு மேல் கூடுதலாகக் கொடுக்கிறோம் என்பதும் சரி.

அதைவிடப் பெரிய விஷயம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. ஒன்றரை ஷிப்ட் ஒரு ஷிப்ட் ஆனால் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். 2025 ஆகஸ்ட் 27இல் அமெரிக்காவின் 50 சதவீத வரி அமலுக்கு வந்ததிலிருந்து உங்கள் வீட்டுச் சிக்கல் இதுதான். விலைவாசிக் குறியீட்டில் உங்கள் சனிக்கிழமைச் சம்பளம் இல்லை. விலை ஒரு பைசா ஏறாவிட்டாலும் உங்கள் வீட்டில் பஞ்சம் வரத்தான் செய்யும்.

சரி, சம்பளம் குறைந்தால் எதைக் குறைப்பது? வாடகையைக் குறைக்க முடியாது. பள்ளிக் கட்டணத்தைப் பாதி கட்ட முடியாது. குழுக் கடன் தவணையை ஒரு வாரம் கட்டாவிட்டால் மற்றப் பெண்களையும் எழுந்து போக விடாமல் உட்கார வைத்துவிடுவார்கள் என்பது உங்கள் மனைவிக்கு நன்றாகத் தெரியும். லைன் வீடுகளில் யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரர் வைத்ததுதான் கரண்ட் பில், அரசு தரும் இலவச யூனிட் குடியிருப்பவர் கைக்கு வருவது அபூர்வம். கடைசியில் கை வைக்கக்கூடியது சாப்பாடு ஒன்றுதான். யாரும் வந்து கேட்க மாட்டார்கள், அபராதமும் கிடையாது. சாப்பாட்டிலும் அரிசியைக் குறைப்பதில்லை. 2011 ஜூனிலிருந்து ரேஷன் அரிசி இலவசம் என்பதால் தமிழ்நாட்டில் பெரும்பாலான வீடுகளில் சோற்றுக்குக் குறை வருவதில்லை. இது சின்ன சாதனை இல்லை, இதைக் கிண்டல் செய்பவர்களோடு எனக்குப் பேச்சே கிடையாது. குறைவது பருப்பு, முட்டை, பால், காய். வயிறு நிறைந்திருப்பதால் வெளியில் தெரியாது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. முட்டை பிள்ளைகளுக்கு மட்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் காலையில் டீயும் பன்னுமாக செக்கிங் டேபிளில் நாள் முழுக்க நிற்கும் பெண் என்ன சாப்பிடுகிறார்? உங்கள் வீட்டில் யாருக்காவது முதலில் உடம்பு தளர்ந்தால் அது அவராகத்தான் இருக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தப் பரிசோதனையும் இரும்புச்சத்து மாத்திரையும் இலவசம், ஒரு முறை கூட்டிப் போங்கள்.

ரேஷனில் ஒரு கிலோ துவரம்பருப்பு 30 ரூபாய், ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய். வெளியில் பருப்பு நூறு ரூபாய்க்கு மேல். நல்ல உதவிதான். ஆனால் அந்த ஒரு கிலோவை உங்கள் வீட்டு ஐந்து பேருக்கு முப்பது நாளுக்குப் பிரித்தால், ஆளுக்கு ஒரு நாளைக்கு ஏழு கிராம்கூட வராது. உங்களுக்கும் உங்கள் மனைவிக்கும் குடும்பம் நடத்தத் தெரியவில்லை என்று சொல்லும் மச்சான் இந்த ஏழு கிராமை வைத்து என்ன செய்வார் என்று எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை.

இனி சொல்லப்போவது உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். பெரியவனின் தனியார் பள்ளியைப் பற்றி. அந்தக் கட்டணத்தைக் கல்விச் செலவு என்று மட்டும் எழுதாதீர்கள். அரசுத் தொடக்கப் பள்ளியில் படிக்கும் பையனுக்குக் காலையில் உப்புமாவோ பொங்கலோ கிடைக்கிறது. மதியம் சோறு, வாரத்தில் ஐந்து நாள் முட்டை. காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, மறு வருடம் ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. இப்போது அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் ஐந்தாம் வகுப்பு வரை உண்டு. நீங்கள் கட்டணமும் கட்டி, இந்த இரண்டு வேளைச் சாப்பாட்டையும் உங்கள் கையிலிருந்தே போடுகிறீர்கள். ஆங்கிலம் வர வேண்டும், நம்மைப் போல டேபிளில் உட்காரக் கூடாது என்ற நினைப்பு எனக்குப் புரிகிறது, அதில் தப்பு இல்லை. வரும் ஜூனுக்குள் பக்கத்தில் இருக்கும் அரசுப் பள்ளிக்கு ஒரு முறை போய், ஆசிரியர் எண்ணிக்கை, ஆங்கில வழிப் பிரிவு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பார்த்த பிறகும் வேண்டாம் என்றால் அது உங்கள் உரிமை. பள்ளியில் சாப்பிடுவது கௌரவக் குறைவு என்று மட்டும் தயங்காதீர்கள். 1920இல் பிட்டி தியாகராயர் காலத்தில் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கி, காமராஜர், எம்.ஜி.ஆர். என்று வளர்ந்துவந்த பந்தி அது. தமிழ்நாட்டில் பாதிப் பேர் வீட்டில் யாராவது ஒருவர் அதில் உட்கார்ந்து சாப்பிட்டிருப்பார்.

சின்னவளை அங்கன்வாடியில் சேர்ப்பதற்கு ஜூன் வரை காத்திருக்க வேண்டியதில்லை. மதியச் சோறும் வாரத்தில் சில நாள் முட்டையும் கிடைக்கும். உங்கள் அம்மாவுக்கும் கொஞ்சம் ஓய்வு.

அப்புறம் ரேஷன் கார்டு. உங்களுடையது இன்னும் வேடசந்தூர் முகவரியில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். மாநிலத்துக்குள் எந்தக் கடையிலும் கைரேகை வைத்து வாங்கலாம் என்பது விதி. நடப்பில், ஒரு கடைக்கு அந்தக் கடையின் கார்டுகளைக் கணக்கிட்டுத்தான் சரக்கு வருகிறது என்பதால், வெளியூர்க் கார்டைப் பார்த்ததும் பருப்பு இல்லை என்று சொல்லிவிடுகிறார்கள். அதனால் முகவரியைத் திருப்பூருக்கு மாற்றிவிடுங்கள், இ-சேவை மையத்தில் செய்யலாம். வாடகை ஒப்பந்தமோ காஸ் ரசீதோ கேட்பார்கள். வாடகை ஒப்பந்தம் எழுதித் தர லைன் வீட்டுக்காரர்கள் முரண்டு பிடிப்பார்கள், அதனால் காஸ் இணைப்பு முகவரியை முதலில் மாற்றுவது சுலபம். அதுவரை மாதத் தொடக்கத்திலேயே கடைக்குப் போங்கள். இல்லை என்றால் 1967க்கு அழைத்து, கடை எண்ணைச் சொல்லிப் புகார் பதியுங்கள்.