சுத்தியலால தட்டிப் பாத்தா நரம்புக் கோளாறு தெரியுமா?

அப்பாவுக்கு சுகர், பாதம் மரத்துப்போகுது, டாக்டர் ரப்பர் சுத்தியல வச்சு முட்டுலயும் குதிகால்லயும் தட்டுனாரு, இதுல நிஜமாவே ஏதும் தெரியுமான்னு கேட்டிருக்கீங்க. நல்லாவே தெரியும்.

எங்க அப்பாவுக்கு குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டு வேலை, 12 வருஷமா சுகர். ஒருநாள் காலைல தோட்டத்துல இருந்து வரும்போ ஒத்தக் கால்ல செருப்பு இல்ல, எங்க கழண்டுச்சுன்னு அவருக்கே தெரியல. முதல்ல காட்டுன எடத்துல டிஸ்க்குன்னு சொல்லி ஸ்கேன் எடுத்து மாசக்கணக்கா வலி மாத்திரை குடுத்தாங்க, ஒருத்தரும் அந்தக் காலத் தொட்டுக்கூட பாக்கல, அது எனக்கு இன்னும் ஆறல.

பொறவு நாகர்கோவில்ல ஒரு நரம்பு டாக்டர் கால தொங்கப்போட்டு உக்கார வச்சு முட்டுச் சில்லுக்குக் கீழ தட்டுனாரு, கால் டக்குன்னு முன்னால வந்துச்சு. அடுத்து பாதத்த லேசா மேல தள்ளிப் பிடிச்சுகிட்டு குதிகாலுக்கு மேல கயிறு மாதிரி இருக்குமே, அதுல தட்டுனாரு, அசைவே இல்ல. "ரெண்டு கை விரலையும் கோத்து பலமா இழுங்க அண்ணாச்சி"ன்னு சொல்லி, இழுக்குற நேரத்துல திரும்பத் தட்டுனாரு, அப்படி இழுத்தா லேசா இருக்குற ரிஃப்ளெக்ஸும், அதாவது தட்டுனா தானா வர்ற துள்ளலும், வெளிய வந்துருமாம். அப்பவும் இல்ல, ரெண்டு கால்லயும் இல்ல.

தட்டும்போ தசை இழுபடும், அந்த சேதி நரம்பு வழியா தண்டுவடத்துக்குப் போய் அங்க இருந்தே திரும்பிரும், மூளை வரைக்கும் போய்க் கேக்க வேண்டியதில்ல. போற நரம்போ வர்ற நரம்போ கெட்டா துள்ளல் குறையும், மூளை தண்டுவடம் பக்கம் கோளாறுன்னா பெரும்பாலும் கூடுதலாத் துள்ளும். சுகர் நீளமான நரம்பத்தான் முதல்ல பிடிக்கும், அதான் குதிகால்ல போயும் முட்டுல மிச்சம் இருந்துச்சு. ஒத்தக் கால்ல மட்டும் போயிருந்தா இடுப்புல இருந்து காலுக்கு வர்ற எஸ்1ங்குற நரம்பு அமுங்குதான்னு பாப்பாங்க.

தட்டுறத மட்டும் வச்சு முடிவு கட்டவும் கூடாது. வயசானா குதிகால் ரிஃப்ளெக்ஸ் தானாவே போறதுண்டு, சின்ன நரம்பு மட்டும் கெட்டா காலு தீயா எரியும் ஆனா ரிஃப்ளெக்ஸ் ஒழுங்கா இருக்கும். அதனால அப்பாவுக்கு அதிர்வுக் கவைய (தட்டுனா அதிர்ற கம்பி) கால்ல வச்சுப் பாத்து, நரம்புல சின்னதா ஷாக் குடுக்குற டெஸ்ட்டும் எடுத்தாங்க. மெட்ஃபார்மின்ங்குற சுகர் மாத்திரைய ரொம்ப நாள் சாப்பிட்டா பி12 வைட்டமின் குறையலாம், அதுவும் இதே மாதிரி மரத்துப்போக வைக்கும், அந்த ரத்த டெஸ்ட்ட கண்டிப்பா கேட்டு எடுங்க.

ஆனா கால் பலம் ரெண்டு மூணு நாள்லயே குறைஞ்சு, அது மேல ஏறிகிட்டே வந்து, தட்டுனா துள்ளலும் இல்லன்னா அது ஜிபிஎஸ்ஸா (கில்லன்-பாரே, உடம்போட எதிர்ப்பு சக்தியே நரம்பத் தாக்குற நோய்) இருக்கலாம், மூச்சையே பாதிக்கும், விடியட்டும்னு இருக்காம அந்த ராத்திரியே நாகர்கோவில் ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜுக்குக் கொண்டு போயிருங்க.