பழுப்பு நிறம் வந்தால் நனோ வெள்ளி வந்துவிட்டதா?

கேள்வி: ஹட்டனில் உயர்தரம் படிக்கிறேன். செயற்றிட்டத்துக்காக ட்ரைக்கோடர்மா பங்கசை வளர்த்து, அதன் வடிதிரவத்தில் வெள்ளி நைத்திரேற்று கலந்தேன். மூன்று நாளில் பழுப்பாகிவிட்டது. நனோ வெள்ளி கிடைத்துவிட்டதா? கொழுந்து பறித்துப் பறித்து அம்மாவின் விரலெல்லாம் வெடித்துப் புண்ணாக இருக்கிறது. இதைப் பூசலாமா?

பதில்: இரண்டாவது கேள்விக்கே முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பூச வேண்டாம். ஒரு சொட்டுக்கூட வேண்டாம்.

நனோ வெள்ளி என்பது மிக மிக நுண்ணிய வெள்ளித் துணிக்கைகள். அவை உருவாவதற்குப் பழுப்பு நல்ல அறிகுறிதான். பங்கசு வெளிவிடும் நொதியங்களும் புரதங்களும் வெள்ளி அயன்களை உலோக வெள்ளியாகத் தாழ்த்துகின்றன. அதே புரதங்கள் துணிக்கைகளைப் போர்த்திக்கொண்டு அவை கட்டிதட்டாமலும் காக்கின்றன. இரசாயன முறையில் சோடியம் போரோஹைட்ரைட்டு போன்ற தாழ்த்தும் பொருள்களிடம் வாங்கும் வேலையை இங்கே பங்கசு செய்துவிடுகிறது. 2003இல் புனே தேசிய இரசாயன ஆய்வுகூடத்தினர் பியூசேரியம் ஒக்ஸிஸ்போரம் என்ற பங்கசைக் கொண்டு, கலத்துக்கு வெளியிலேயே 5 முதல் 15 நனோமீற்றர் அளவில் இப்படி உருவாக்கினார்கள். அதைப் பார்த்து நீங்களும் பியூசேரியத்துக்கு மாற வேண்டாம், அது கண்ணில் தொற்று உண்டாக்கக்கூடியது. பாடசாலைக்கு ட்ரைக்கோடர்மாவோ சிப்பிக் காளானோ போதும்.

ஆனால் வெள்ளி நைத்திரேற்று வெளிச்சம் பட்டாலே கறுக்கும். பங்கசு இழைகளைச் சரியாகக் கழுவாவிட்டால், வளர்ப்புக் கரைசலில் மிஞ்சிய குளுக்கோசும் அதைத் தாழ்த்தலாம். அதனால் மூன்று போத்தல் வையுங்கள்: வடிதிரவம் மட்டும், வெள்ளி நைத்திரேற்று மட்டும், இரண்டும் கலந்தது. மூன்றையும் தாளால் மூடி இருட்டில் வைக்க வேண்டும். இழைகளை நன்றாகக் கழுவியிருந்து, கலந்தது மட்டும் பழுப்பானால் நம்பலாம். லீற்றருக்கு 0.17 கிராம் வெள்ளி நைத்திரேற்று போதும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். குழாய்த் தண்ணீர் கூடவே கூடாது. அதிலுள்ள குளோரைட்டு வெண்மையான வீழ்படிவைத் தந்து எல்லாவற்றையும் குழப்பிவிடும். அப்புறம், நம் மலைக் குளிரில் பங்கசு சோம்பேறியாகிவிடும். 25 முதல் 28 பாகை இருந்தால்தான் சுறுசுறுப்பாக வளரும்.

உறுதிப்படுத்த நிறமாலைமானி வேண்டும், கரைசல் எந்த அலைநீள ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று காட்டும் கருவி அது. 400 முதல் 450 நனோமீற்றர் அலைநீளத்துக்கு இடையில் உறிஞ்சலில் ஓர் உச்சி தெரிய வேண்டும். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பார்க்க முடியுமா என்று ஆசிரியர் மூலம் கேட்டுப் பாருங்கள். அளவையும் வடிவத்தையும் காண இலத்திரன் நுணுக்குக்காட்டி தேவை. அது இப்போதைக்கு வேண்டாம்.

சரி, ஏன் பூசக்கூடாது? வெள்ளி பற்றீரியாவைக் கொல்வது உண்மைதான், காயக்கட்டுகளிலும் பயன்படுகிறது. ஆனால் அளவு கூடினால் தோல் கலங்களையும் அது விடாது. உங்கள் போத்தலில் துணிக்கையோடு தாக்கமடையாத வெள்ளி நைத்திரேற்று இருக்கும், பங்கசுப் புரதமும் வித்திகளும் இருக்கலாம். பற்றீரியாவை அது கொன்றாலும், கொன்றது துணிக்கையா மிஞ்சிய அயனா என்று உங்களால் சொல்ல முடியாது. அம்மா சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, வெடிப்பில் வாசலீன் தடவட்டும். சீழ் வைத்தால் தோட்ட மருந்தகத்தில் காட்டுங்கள்.

மிஞ்சிய கரைசலைக் கானில் ஊற்றாதீர்கள். நம் ஓடைகளில் பல மகாவலிக்குத்தான் போகின்றன, வெள்ளி நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு. கொஞ்சம் உப்புக் கரைசல் விட்டால் மிஞ்சிய அயன்கள் வெள்ளையாகப் படியும். படிவையும் மேலே நிற்கும் திரவத்தையும் மூடிய போத்தலில் போட்டு, பெயர் எழுதி ஆய்வுகூடப் பொறுப்பாளரிடம் கொடுத்துவிடுங்கள்.