பழைய பேக்ஹோ வாங்கும் முன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: டிராக்டரின் பின்னால் மாட்டி மண் தோண்டும் பழைய பேக்ஹோ ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. புதுப் பெயிண்ட் அடித்துப் பளபளவென்று இருக்கிறது. சொல்லும் விலை நியாயம்தானா என்று எப்படிக் கணிப்பது?

பதில்: பெயிண்டுக்குக் காசு கொடுக்காதீர்கள். புதிதாகப் பெயிண்ட் அடித்திருந்தால் நான் இரு மடங்கு நேரம் எடுத்துப் பார்ப்பேன். பூம் (டிராக்டர் பக்கத்துப் பெரிய கை) வளையும் இடம், பூமும் ஆர்மும் (பக்கெட்டைத் தாங்கும் அடுத்த கை) சேரும் இடம், பக்கவாட்டில் திருப்பும் தூணின் அடி ஆகியவற்றை விரலால் தடவிப் பாருங்கள். விரிசலை அடைத்த வெல்டிங் கண்ணுக்குத் தப்பினாலும் விரலுக்குத் தட்டுப்படும். கிரீஸ் ஏற்றும் முனையான நிப்பிளின் வாயைப் பெயிண்ட் மூடியிருந்தால், பெயிண்ட் அடித்த பிறகு யாரும் கிரீஸ் வைக்கவில்லை என்று பொருள்.

அடுத்து, பக்கெட்டைத் தரையிலிருந்து ஒரு சாண் உயர்த்தி எஞ்சினை நிறுத்துங்கள். காலைத் தள்ளி வைத்துக்கொண்டு பக்கெட்டைப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். ஆட்டம் எந்த மூட்டிலிருந்து வருகிறது என்பதைக் கவனிப்பதுதான் முக்கியம். மூட்டைக் கோக்கும் பின்னும், அதைச் சுற்றியுள்ள உறையான புஷ்ஷும் மட்டும் தேய்ந்திருந்தால் லேத் பட்டறையில் கடைந்து போட்டுவிடலாம். துளையே முட்டை வடிவமாகியிருந்தால் வெல்டிங்கால் நிரப்பி மறுபடி கடைய வேண்டும். அதுவும் திருப்பும் தூணில் என்றால் பெரிய வேலை.

விலைக் கணக்கை இப்படிப் போடுங்கள்: இதே அளவில், நல்ல ஓட்டத்தில் உள்ள பழைய கருவி என்ன விலைக்குக் கைமாறுகிறது என்று இரண்டு மூன்று இடங்களில் விசாரியுங்கள். இந்தக் கருவியை அந்த நிலைக்குக் கொண்டுவர ஆகும் செலவை எழுதிக் கழியுங்கள். மீதிதான் இதன் விலை. பக்கெட் பல் தேய்ந்ததைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அது தேய்வதற்கென்றே உள்ள பாகம்.

கேள்வி: பேக்ஹோவைத் தாங்க டிராக்டரின் அடியில் பூட்டும் இரும்புச் சட்டம் இல்லையாம். ஏர் மாட்டும் மூன்று புள்ளி இணைப்பிலேயே மாட்டிக்கொள்ளலாம் என்கிறார் விற்பவர். சரியா?

பதில்: தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ஏர் ஒரே திசையில் இழுக்கிறது. பேக்ஹோவோ தள்ளும், தூக்கும், முறுக்கும். அத்தனை விசையும் கியர் பாக்ஸின் வார்ப்பிரும்புக் கூட்டில் இறங்கினால் அது விரிசல் விட்டுவிடக்கூடும். அதைவிடப் பெரிய ஆபத்து, இணைப்புக் கைகள் மேல்நோக்கித் தடையின்றி எழும்பக்கூடியவை. பக்கெட் கடினமான மண்ணில் சிக்கும்போது கருவி எழும்பி, ஓட்டுபவரை டிராக்டரோடு நசுக்கிவிடலாம். மூன்று புள்ளிக்கென்றே வடிவமைத்த சிறிய பேக்ஹோக்கள் உண்டு, அவை வேறு. சட்டம் ஒவ்வொரு டிராக்டர் மாடலுக்கும் தனி. உங்கள் மாடலுக்குச் சட்டம் கிடைக்குமா, என்ன விலை என்று தெரியாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: கருவி தரையில் கிடக்கிறது, ஓட்டிப் பார்க்க வழியில்லை.

பதில்: சிலிண்டரில் எண்ணெய் கசியாமல் தடுக்கும் எல்லா ஆயில் சீலும் போய்விட்டது என்று வைத்துக்கொண்டே விலை கேளுங்கள். சிலிண்டர் தண்டின் மீது நகத்தை ஓட்டுங்கள். நகம் மாட்டும் கீறலோ துருக்குழியோ இருந்தால் புதுச் சீலும் விரைவில் கிழியும்.

ஓட்டிப் பார்க்க முடிந்தால், பூமை உயர்த்தி எஞ்சினை நிறுத்தி, தண்டு எவ்வளவு வெளியே நிற்கிறது என்று டேப்பால் அளந்துகொள்ளுங்கள். 10 நிமிடம் கழித்து மறுபடி அளந்து பாருங்கள். நன்றாக இறங்கியிருந்தால் சீல் அல்லது வால்வு கசிகிறது. ஹோஸில் கசிவு தேட ஒருபோதும் கையை வைக்காதீர்கள், அட்டையைப் பிடியுங்கள். அழுத்தத்தில் பீய்ச்சும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும். காயம் ஊசி குத்தியதுபோல் சிறிதாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கேள்வி: என் டிராக்டரின் ஹைட்ராலிக் பம்பே போதுமா?

பதில்: பேக்ஹோ கேட்கும் அழுத்தத்தையும் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்பதையும் டிராக்டரின் கையேட்டோடு ஒப்பிடுங்கள். லிட்டர் குறைந்தால் வேகம் குறையும், அழுத்தம் குறைந்தால் தோண்டும் பலம் குறையும். பி.டி.ஓ.வில் (டிராக்டரின் பின்னால் சுழலும் தண்டில்) ஓடும் தனிப் பம்ப் உள்ள கருவி என்றால், பம்பும் எண்ணெய்த் தொட்டியும் விலையில் சேர்த்தியா என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

கேள்வி: தயாரித்த நிறுவனமே மூடப்பட்டுவிட்டது. வாங்கலாமா?

பதில்: வாங்கலாம். சீலை அளவு பார்த்து வாங்கலாம், ஹோஸைச் செய்துகொள்ளலாம், பின்னைக் கடையலாம். எண்ணெயை எந்தச் சிலிண்டருக்கு விடுவது என்று திருப்பும் கண்ட்ரோல் வால்வுதான் சிக்கல். அதன் மீதுள்ள நம்பரைப் படம் எடுத்து, ஹைட்ராலிக் பாகம் விற்பவரிடம் காட்டிவிட்டுப் பிறகு பேரம் பேசுங்கள்.