சிக்மா இல்லாமல் இடம் தெரியாது: வாசகர் கேள்விகள்

ஆர்.என்.ஏ. பொலிமரேஸ் தொடங்க வேண்டிய இடத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது? (உயர்தர மாணவி, கொட்டாஞ்சேனை)

டி.என்.ஏ.யைப் பார்த்து ஆர்.என்.ஏ. பிரதியை ஆக்கும் இந்த நொதியம் அந்த இடத்தைத் தனியாகக் கண்டுபிடிக்காது. விடைத்தாள்களில் பெரும்பாலும் விடுபட்டுப் போவது இதுதான். பற்றீரியாவில் சிக்மா என்னும் புரதம் வந்து சேர்ந்த பிறகே நொதியத்துக்கு இடம் பிடிபடும். ஈ. கோலை என்னும் குடல் பற்றீரியாவின் முதன்மைச் சிக்மா டி.என்.ஏ.யில் இரண்டு எழுத்துத் தொடர்களை அடையாளமாகத் தேடுகிறது: தொடக்கப் புள்ளிக்குச் சுமார் 35 மூலங்கள் (டி.என்.ஏ. எழுத்துகள்) முன்னால் ரி.ரி.ஜி.ஏ.சி.ஏ., 10 மூலங்கள் முன்னால் ரி.ஏ.ரி.ஏ.ஏ.ரி. இடைவெளி 17 மூலச் சோடிகளாக இருந்தால் மிகவும் பொருத்தம். இழைகள் பிரியத் தொடங்குவது இரண்டாவது அடையாளத்தில். அதன் இரண்டாம் எழுத்தான ஏயும் கடைசி ரியும் வெளியே புரண்டு, சிக்மாவின் குழிகளில் போய் அமர்கின்றன. இழைகளைப் பிரிக்க, கலத்தின் சக்தி மூலக்கூறான ஏ.ரி.பி. செலவும் இல்லை. (சிக்மா 54 என்னும் வேறொரு வகை மட்டும் இதற்கு விதிவிலக்கு, பரீட்சைக்கு அது வேண்டாம்.)

டி.என்.ஏ. இரட்டிப்பைப் போல தொடங்கிவைக்க முதல்துண்டு (primer) ஒன்று தேவையா? (அதே மாணவி)

தேவையில்லை. முதல் இரண்டு நியூக்கிளியோதைட்டுகளைப் பொலிமரேசே இணைத்துவிடும்.

தொடக்கத்தில் பொலிமரேஸ் சிறு ஆர்.என்.ஏ. துண்டுகளை ஆக்கி ஆக்கி எறிகிறதாமே, அது பிழையா? (உயிரியல் ஆசிரியர், வெள்ளவத்தை)

பிழையென்று நான் சொல்லமாட்டேன். இந்தக் கட்டத்தில் பொலிமரேஸ் நகர்வதில்லை. கரைவலை இழுப்பவர்போல நின்ற இடத்திலேயே நின்று டி.என்.ஏ.யை உள்ளே இழுக்கிறது. 2006இல் தனித்தனி மூலக்கூறுகளைக் கவனித்து இதை நிறுவினார்கள். உள்ளே குவியும் இழையில் இறுக்கம் ஏறுகிறது. போதாக்குறைக்கு, ஆர்.என்.ஏ. வெளியேறும் வழியில் சிக்மாவின் ஒரு பகுதி குறுக்கே கிடக்கிறது. நான்கைந்து எழுத்து வளர்ந்ததும் ஆர்.என்.ஏ. அதில் முட்டும். பல தடவை துண்டு நழுவிப்போக, மீண்டும் முதலிலிருந்து. பத்துச் சொச்சம் எழுத்தைத் தாண்டிவிட்டால், சேர்ந்த இறுக்கமே நொதியத்தைத் தொடக்க இடத்தின் பிடியிலிருந்து விடுவிக்கிறது. பாடநூல் இத்தனையையும் ஓர் அம்புக்குறியில் முடித்துவிடுவது எனக்கு என்றுமே மனக்குறைதான்.

காசநோய் மருந்து எடுக்கும் அப்பாவுக்குச் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகிறது. பயப்பட வேண்டுமா? (வாசகர், தெஹிவளை)

காசநோய் மருந்துகளில் ஒன்றான ரிபாம்பிசினின் சொந்த நிறம் அது. வியர்வையிலும் கண்ணீரிலும்கூட வரும். மேலே சொன்ன அதே கட்டத்தில்தான் இம்மருந்து வேலை செய்கிறது. பற்றீரியாவின் பொலிமரேசில் பீட்டா என்னும் புரத அலகில் ஒட்டி, ஆர்.என்.ஏ. இரண்டு மூன்று எழுத்துக்கு மேல் வளராதபடி வழியை அடைக்கிறது. அந்த அலகுக்குரிய பரம்பரையலகில் (மரபணுவில்) 81 மூலங்கள் கொண்ட சிறு பகுதி மாறினால் மருந்து ஒட்டாது. சளியில் செய்யும் மரபணுச் சோதனை தேடுவது அந்த மாற்றங்களைத்தான். கண்ணின் வெள்ளை மஞ்சளானால் மட்டும் அது ஈரலின் விடயம். அன்றே கிளினிக்கில் காட்டுங்கள்.