கச்சான் ஏறும் முன்

வணக்கம் சார்,

உங்கள் கடலோரக் கட்டுரைகளைத் தொடர்ந்து படிக்கிறேன். சென்ற மே மாதம் கல்லூரி நண்பர்கள் நான்கு பேர் திருச்செந்தூர்ப் பக்கம் ஒரு கடற்கரை ஊருக்குப் போனோம். எங்களில் ஒருவனுக்கு அதுதான் சொந்த ஊர். அவனுடைய அண்ணன் தன் பைபர் படகில் எங்களைத் தூண்டிலுக்கு அழைத்துப் போனார். கிடைத்தது ஏழெட்டு சின்ன விளைமீன், திரும்பும் வழியில் ஒரு பெரிய மீன். நான் மட்டும் நாலைந்து தூண்டில்களைப் பாறையில் மாட்டி அறுத்துவிட்டேன். ஒன்பது மணிக்கே, “கச்சான் ஏறுது, போயிருவோம்” என்று அண்ணன் படகைத் திருப்பிவிட்டார். கடல் அப்போது குளம்போலக் கிடந்தது. எங்களால் அலுத்துப்போய்த்தான் திரும்பினாரோ என்று இன்னும் உறுத்துகிறது. மே மாதம் மீன்பிடித் தடைக்காலம் ஆயிற்றே, நாங்கள் போனது தவறா? அந்தப் பெரிய மீனை அண்ணன் சீலா என்றார். படத்தைப் பார்த்த அம்மா, “இது சீலா இல்லை, வஞ்சரம்” என்கிறார். எது சரி?

ம., சென்னை

*

அன்புள்ள ம.,

அந்த அண்ணன் உங்களால் அலுத்துப்போகவில்லை. கடல் குளம்போலக் கிடந்ததே, அதைப் பார்த்துத்தான் திரும்பியிருக்கிறார்.

கச்சான் என்பது மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வரும் காற்று. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே புகுந்து முப்பந்தலில் காற்றாலைகளைச் சுற்றும் காற்றும் இதுதான். நீங்கள் போன கரை கிழக்கே பார்த்த கரை. அங்கே கச்சான் நிலத்திலிருந்து கடலுக்குள் வீசும். கரையை ஒட்டிய தண்ணீரில் அலை எழும்ப அதற்கு இடம் கிடையாது, ஆகவே தண்ணீர் வழித்துவிட்டதுபோல இருக்கும். வெளியே போகப் போகத்தான் அதன் வேகம் தெரியும். கிழக்கே தொலைவில் கடல் கறுத்து, நடுவில் வெள்ளை வெள்ளையாக நுரை தெரிந்ததா என்று நினைத்துப் பாருங்கள். அவர் பார்த்துக்கொண்டிருந்தது அந்த இடத்தைத்தான்.

ஒரே ஒரு எஞ்சின் உள்ள சின்னப் படகு அது. கச்சான் ஏறிய பிறகு கரைக்குத் திரும்புவதென்றால் காற்றுக்கு எதிராக வரவேண்டும். அணியத்தில், அதாவது படகின் முன்பக்கத்தில், அடிக்கிற தண்ணீர் முழுக்க உள்ளே விழும். வழியில் எஞ்சின் நின்றுவிட்டால் காற்று உங்களைக் கரைக்குத் தள்ளாது, மன்னார் வளைகுடாவின் நடுவுக்குத்தான் தள்ளும். கிழக்கிலிருந்து வரும் கொண்டல் வீசும் நாளில் எஞ்சின் நின்றால் எங்காவது ஒரு கரையில் ஒதுங்கலாம். கச்சானில் அந்த வாய்ப்பு இல்லை. தனியாகப் போயிருந்தால் அவர் இன்னும் ஒரு மணி நேரம் நின்றிருக்கக்கூடும். கடல் பழகாத மூன்று பேர் படகில் இருந்தார்கள், திருப்பிவிட்டார். அன்று உங்களுக்காக யாராவது நல்லது செய்தார்கள் என்றால் அது இதுதான்.

இதை நான் உறுதியாகச் சொல்வதற்குக் காரணம், எனக்கும் அந்தக் கரையில் ஒரு நாள் உண்டு. பல வருடங்களுக்கு முன் ஒரு மாசி மாதம், நண்பர்கள் மூவரும் நானும், ஒருவனுடைய சித்தப்பா படகில் போனோம். நாலு மணி இருட்டில் தள்ளிய படகு. வெளுக்கும்போது அவர் எஞ்சினைத் தணித்து, மீனைத் தேடாமல் கரையைத் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தார். திருச்செந்தூரின் ஒன்பது நிலைக் கோபுரம் அதற்குப் பின்னால் இருந்த ஒரு செல்போன் டவரோடு ஒட்ட வேண்டுமாம். தெற்கே மணப்பாட்டுக் குன்றின் மேல் நிற்கும் திருச்சிலுவை ஆலயம் ஒரு பனைக்கூட்டத்தை விட்டுக் கொஞ்சம் விலக வேண்டுமாம். இந்த இரண்டு கோடுகளும் வெட்டுகிற இடத்தில் கீழே பார் இருக்கிறது. பார் என்றால் கடலடிப் பாறைத்திட்டு. மீன் அங்கேதான் அடையும். “இந்தா நிக்கோம்” என்று நங்கூரத்தைப் போட்டார். நாலு பக்கமும் ஒரே மாதிரித் தண்ணீர். என் தூண்டிலின் ஈயம் பத்துப் பாக ஆழத்தில் (ஒரு பாகம் என்பது விரித்த இரு கைகளின் நீளம்) ‘டக்’கென்று கல்லில் தட்டியபோது உடம்பு சிலிர்த்துவிட்டது. அவருடைய அப்பா காட்டிக்கொடுத்த இடமாம். அப்பா காலத்தில் டவர் கிடையாது, அங்கே ஒரு ஆலமரம் நின்றதாம்.

உங்கள் தூண்டில்கள் அறுந்த கதைக்கும் இதுவே விடை. ஈயம் தரை தொட்டதும் நரம்பை, அதாவது தூண்டில் கயிற்றை, ஒரு கை அளவு மேலே தூக்கிப் பிடிக்கவேண்டும். தொட்டபடியே விட்டால் படகு அசைகிற அசைவில் முள் கல் இடுக்கில் போய்ச் செருகிக்கொள்ளும். எனக்கும் முதல் மூன்று அப்படித்தான் போயின. அப்புறம் சித்தப்பா என் ஆள்காட்டி விரலில் ஒரு சைக்கிள் ட்யூப் துண்டைச் சுற்றிவிட்டு, நரம்பை அதன் மேல் ஓடவிட்டு, “கண்ணால பாக்காதீங்க, விரலால பாருங்க” என்றார். விளைமீன் இரண்டு மூன்று தடவை சின்னச் சின்னதாகத் தட்டிப் பார்க்கும். பொறுத்திருந்து, இழுப்பு வந்ததும் வெட்டி இழுக்கவேண்டும். களவா மீன் அப்படியில்லை. கவ்விய உடனே தன் பொந்துக்குள் பாய்ந்துவிடும். நரம்பைக் கொஞ்சம் தளரவிட்டாலும் மீனும் போச்சு, முள்ளும் போச்சு.

நாங்கள் நால்வரும் சந்தித்தால் விடிய விடியப் பேசுகிறவர்கள். அன்று இரண்டு மணி நேரம் யாரும் வாய் திறக்கவில்லை. ஒவ்வொருவனும் தன் விரல் நுனியில் இருந்தான். ஒருவன் வாந்தி எடுத்துச் சுருண்டபோது சித்தப்பா அவனைப் பெட்ரோல் வாடை அடிக்கும் பின்பக்கத்திலிருந்து நகர்த்தி நடுப்படகில் உட்காரவைத்து, “கோபுரத்தையே பாரு, தண்ணியப் பாக்காத” என்றார். அரை மணியில் தெளிந்தான். இருபது வருடத்து நட்பில் அவர்களோடு அவ்வளவு நெருக்கமாக நான் வேறு எங்கும் இருந்ததில்லை.

சரி, தடைக்காலம். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். 2017க்கு முன்பு 45 நாளாக இருந்தது. தடை விசைப்படகுகளுக்கு. நாட்டுப்படகுகளுக்கும், வெளியே எஞ்சின் மாட்டிய உங்கள் அண்ணனுடையதைப் போன்ற பைபர் படகுகளுக்கும் கிடையாது. கன்னியாகுமரி மாவட்டத்தில் மட்டும் இரண்டு கணக்கு: சின்னமுட்டம் கிழக்கோடு சேர்ந்து நிறுத்தும், குளச்சல் பக்கம் மேற்குக் கரைக் கணக்குப்படி ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை நிறுத்தும். நீங்கள் தவறு ஒன்றும் செய்யவில்லை.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். நீங்கள் அனுப்பிய படத்தில் ஒருவர்கூட லைஃப் ஜாக்கெட் போட்டிருக்கவில்லை. நீச்சல் தெரியும் என்பது நடுக்கடலில் பேச்சே இல்லை. அடுத்த முறை நீங்களே வாங்கிக்கொண்டு போங்கள், அண்ணனுக்கும் சேர்த்து.

மீன் விஷயத்தில் அம்மா சொன்னதும் சரி, அண்ணன் சொன்னதும் சரி. சென்னையில் வஞ்சரம் என்பதைத் தூத்துக்குடிக் கரையில் சீலா என்பார்கள், குமரிப் பக்கம் நெய்மீன். சென்னைக்காரர்கள் சீலா என்று சொல்வது வேறு மீன், நீண்ட தாடையும் கூரிய பல்லும் உள்ளது. அதற்குத் தூத்துக்குடியில் ஊளி என்று பெயர். படத்தில் இருப்பது வஞ்சரம்தான். ஏலத்தில் நல்ல விலை போகும் மீன் அது. அதை விற்காமல் உங்கள் கையில் கொடுத்தனுப்பியிருக்கிறார், ஒரு நாள் தொழிலையும் உங்களுக்காக விட்டிருக்கிறார்.

தை பிறந்து வாடை தணிந்த பிறகு, மாசியில் மறுபடி கூப்பிட்டால் போங்கள். காசு கொடுத்தால் வாங்கமாட்டார். இரண்டு சுருள் நல்ல தூண்டில் நரம்பும் ஒரு பெட்டி முள்ளும் வாங்கிக்கொண்டு போங்கள். எந்த நம்பர் முள் என்று அவருடைய தம்பியான உங்கள் நண்பனிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

அன்புடன்.